பின்னாடி பார்த்துக்கலாம்

டயர் கடைக்கு வருகிற எல்லோரும் பேரம் பேசுவார்கள், அது எங்கள் தொழிலோடு பிறந்தது. ஆனால் உயிரையும் சேர்த்துப் பேரத்தில் கழித்துக்கொண்டு போனவர் நீங்கள் ஒருவர்தான், சிவப்பு வண்டிக்காரரே. போனதோடு நிற்காமல், நான் கொடுத்த டயர் மோசம் என்று உங்கள் பைக் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் எழுதியும் போட்டிருக்கிறீர்கள். பொம்மனஹள்ளியில் வாயை வைத்தே கடையை வளர்த்தவன் நான். இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? எந்தத் தொழிலானாலும் சரி, கல்லாவில் உட்கார்ந்து வதைபடும் நண்பர்களே, நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தச் சிவப்பு வண்டிக்காரர் ஒரு சனிக்கிழமை வந்தார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்சீட்டில் மனைவி. பொங்கல் லீவுக்கு இருவரும் வால்பாறை போகிறார்களாம். வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றார். குனிந்து பார்த்தேன். ஹைவேயில் நேராகவே ஓடி ஓடி இரண்டு டயரும் நடுவில் தேய்ந்திருந்தன. பின்னது தோசைக்கல் மாதிரி சப்பை. டயர் ரோட்டைத் தொடும் பக்கம் உருண்டையாக இருந்தால்தான் வண்டி சுலபமாகச் சாயும், சாய்ந்தால்தான் திரும்பும். இரண்டையும் மாற்றுங்கள் என்றேன்.

விலையைக் கேட்டார். அவர் இறங்க, நான் ஏற, எனக்கு வழக்கம்போல் கோபமும் ஏறியது. கடைசியில் முன் டயர் மட்டும் போதும் என்றார். முன்னால் உருண்டை, பின்னால் சப்பை என்றால் இரண்டும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், மலையில் ஆகாது என்று கத்தியே சொன்னேன். அந்த அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பின்னாடி டயரை யாருங்க பாக்கப் போறாங்க? அதைப் பின்னாடி பாத்துக்கலாம்."

காற்றோடு போன வியாபாரம்

அடுத்து ஈஜிபுராவிலிருந்து ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. "வண்டி குதிக்குதுண்ணா, வளைவுல தள்ளிக்கிட்டுப் போகுது. ரெண்டு டயரும் மாத்திடுங்க" என்றான். தானாக வந்து இரண்டையும் மாற்று என்கிறவன் எங்களுக்குக் கோடை மழை. என்னோடு வேலை செய்யும் முனீர் பாய் ஸ்பேனரையே எடுத்துவிட்டார். எதற்கும் காற்றை அளந்து பார்த்தால், டயர் கல் மாதிரி நிற்கிறது. கேட்டால், "டயர்லயே நம்பர் போட்டிருக்கே, அதைத்தான் அடிச்சேன்" என்கிறான்.

"லாரி இத்தனை டன் தாங்கும்னு எழுதியிருந்தா தினமும் அத்தனை டன்னும் ஏத்துவியா? அது டயர் தாங்குற எல்லைடா தம்பி. உன் வண்டிக்கு வேணுங்கிறது செயின் கவர்ல ஒட்டியிருக்கு பாரு." திட்டிக்கொண்டே காற்றை இறக்கிவிட்டேன். சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான். நல்ல டயரைக் கழற்றி விற்க எனக்கு மனசு வரவில்லை. முனீர் பாய் ஸ்பேனரை ஆணியில் மாட்டினார்: "ஹவா இறக்குனீங்க, நம்ம யாவாரமும் கூடவே இறங்கிருச்சு அண்ணே."

டீச்சரின் கணக்கு

அல்சூரில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். லீவு விட்டால் போதும், பெட்டி கட்டிக்கொண்டு பைக்கில் தனியாகக் கிளம்பிவிடுவார். எவனோ ஒரு புண்ணியவான் அழகுக்காக அவர் வண்டியின் பின்சக்கரத்தில் அகல டயரை மாட்டிவிட்டிருந்தான். திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது என்றார். கம்பெனி சொன்ன அகலத்தில் இரண்டு டயரும் போடலாம் என்றேன். "டயர் சின்னதாகுதுல்ல, விலையும் சின்னதாகணும்" என்றார். பேரத்தில் இப்படி ஒரு கொக்கியை நானே யாருக்கும் போட்டதில்லை. கத்திப் பார்த்தேன், டீச்சர் அசையவில்லை. அவர் சொன்ன விலைக்கே மாட்டி, "புது ரப்பர் வழுக்கும், முதல்ல கொஞ்ச தூரம் பதமா ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்தார். மறுபடி பேரம்தானோ என்று பார்த்தால், கல்லா மேல் ஒரு கேக் பெட்டியை வைத்தார். "ஏற்காடு போயிட்டு வந்தேன். இத்தனை நாள் வளைவுக்கு வளைவு வண்டியோட சண்டை. இனிமே சண்டைன்னா உங்ககிட்ட மட்டும்தான்."

செங்கல்

அந்தக் கேக்கில் பாதி தீர்வதற்குள், சிவப்பு வண்டிக்காரரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். தனியாக.

"நீங்க போட்ட டயர்ல வண்டி ஆடுது. நந்தி பெட்டா மலை வளைவுல ரோட்டை விட்டே இறங்கியிருப்போம். டயர் மோசம்னு அவர் குரூப்லயும் போட்டுட்டார். அடுத்த வாரம் வால்பாறை வேற" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது, எழுந்தேவிட்டேன். ஆனால் கைப்பையை அவர் பற்றியிருந்த பற்றைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கியது. அந்தக் கை இன்னும் நந்தி பெட்டாவிலிருந்து இறங்கவில்லை.

கடை வாசலில் நடைபாதையைத் தோண்டிப் போட்டு மாசக்கணக்காகிறது. அதிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கல்லா மேல் நிறுத்தினேன். "முன் டயர் பந்து மாதிரிம்மா, தொட்டா சாயும். பின்னது இது. விரலால தள்ளுங்க." தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். கொஞ்சம் சாய்ந்தது, பிறகு ஒரேயடியாகத் தொப்பென்று விழுந்தது.

"இதை அவர்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னேன் என்று சொல்லி, அதற்கு அவர் சொன்ன பதிலையும் அப்படியே ஒப்பித்தேன். விழுந்த செங்கல்லை நிமிர்த்தி வைத்தவர் சிரித்துவிட்டார்: "பின்னாடி உக்கார்றது நான். அப்ப அது என் டயருங்க. எடுத்து வைங்க, அவரையே ஓட்டிட்டு வரச் சொல்றேன்."

எடுத்து வைத்துவிட்டேன், இந்தத் தொழிலில் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர் ஒருவர், பின்னால் உட்கார்ந்து அனுபவிக்கிறவர் வேறொருவர் என்பதால், சிவப்பு வண்டிக்காரரே, குழுவில் எழுதியதை அழிக்கிறீர்களோ இல்லையோ, அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்துங்கள், பேரத்தைப் பின்னாடி பார்த்துக்கலாம்.