அஷ்டமிக்கு அடிக்காத போன்

டாக்குரியாவில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனி மீன் கிடங்குகளுக்கு ஒரு கருவி செய்கிறது. உள்ளே குளிர் குறைந்தால் அது கத்தும். அதைக் கத்த வைக்கும் புரோகிராமை சி மொழியில் எழுதியவன் நான். வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடுவது, வங்காளிகளின் பெரிய பண்டிகையான துர்கா பூஜை வந்தால் மட்டும் சிலையாக நின்றுவிடும். அஷ்டமியன்று பந்தல் வரிசையில் நிற்கும்போதுதான் போன் வரும். மனைவியை அப்படியே விட்டுவிட்டு சாந்த்ராகாச்சி கிடங்குக்கு ஓடுவேன். அங்கே நான் செய்யும் மகா வைத்தியம், சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

"அடுத்த வருஷமும் இதே கதைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பக்கத்து வீட்டு பௌதி அண்ணியோட போயிக்கறேன்" என்றாள் மனைவி.

இந்தக் கோடையில் கருவிக்குப் புது மாடல் வந்தது. புரோகிராமையும் திரும்ப எழுத வேண்டும். பழகிய சி-யிலா, புதிய மொழியான ரஸ்டிலா? இலிஷ் மீனா இறாலா என்று இந்த ஊர் அடித்துக்கொள்வதைப்போல ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. என்னுடன் வேலை செய்யும் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ரஸ்ட் கட்சி. நான் சி கட்சி. ரஸ்ட் எனக்குத் தெரியாது என்பதுதான் என் கொள்கை.

"ஒரு வாரம் எழுதிப் பாருங்க தாதா. பிடிக்கலைன்னா நானே சி-க்கு வந்துடறேன்" என்றாள் அவள். தாதா என்றால் இந்த ஊரில் அண்ணன்.

தொல்லை என்று நிரூபிக்கவே உட்கார்ந்தேன். பழைய புரோகிராமை வரிக்கு வரி ரஸ்டில் எழுதினேன். எழுதியதைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் சி கம்பைலர், நான் எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது. ரஸ்ட் கம்பைலர் ஏற்க மறுத்தது. திட்டவில்லை. ஒரு வரியைக் காட்டி, இங்கே புரோகிராமின் இரண்டு பகுதிகள் ஒரே சமயத்தில் கைவைத்துவிட வாய்ப்பு உண்டு, விட முடியாது என்று பொறுமையாக விளக்கியது.

"பாரு, அசட்டு கம்பைலர்! கதவைக் கவனிக்கிற பகுதியும் குளிரைக் கவனிக்கிற பகுதியும் ஒரே இடத்துல எழுதுது, அவ்வளவுதான். ரெண்டும் என்னைக்கு மோதப் போகுது?"

"கதவு ஓயாம திறந்து மூடினா மோதுமே, தாதா?"

"அப்படி யாரு என்னைக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அஷ்டமிக்குப் பல வீடுகளில் சைவம். மறுநாள் நவமி சமையலுக்கு வேண்டிய மீன் எல்லாம் அன்றுதான் கிடங்கை விட்டுக் கிளம்பும்; கதவு ஓயாமல் திறந்து மூடும், இரண்டு பகுதியும் மோதிக் கருவி நின்றுவிடும். இத்தனை பூஜையாக நான் சாந்த்ராகாச்சிக்கு ஓடியும் புரியாததை, மீனையே பார்க்காத ஒரு கம்பைலர் சொல்லிவிட்டது. அதைக் கும்பிடலாம் போல இருந்தது. ரஸ்டுக்கே கை தூக்கினேன்; புதுக் கருவி ரஸ்டோடு கிடங்குக்குப் போனது.

இந்த அஷ்டமி. வரிசையில் நிற்கிறோம். போன் அடிக்கவில்லை. நெஞ்சு தாங்காமல் நானே கிடங்குக்காரருக்கு அடித்தேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"மீன் நல்லா இருக்காம். போய்ச் சாமி பாருங்கன்னு சொல்றார்."

"நீங்க போகாமலே நல்லா இருக்கா? குடுத்து வச்ச மீன். நகருங்க, வரிசை போகுது."