வாட்ச்மேனின் பேண்ட்

தையல்காரி யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இடுப்பு, தோள், கால் நீளம் போதும், ஆளைத் தெரிந்துகொள்வாள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு மெஷினில் உட்கார்ந்தவள். வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் அவள் வீட்டுக்காரரின் இஸ்திரி மேசை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் குடோன் வாட்ச்மேன் தன் காக்கி யூனிஃபார்மைக் கொண்டுவந்தார். சர்க்கரை வியாதியில் ஆள் பாதியாகக் கரைந்திருந்தார்.

"பின்னாடி பிடிச்சுக் குடும்மா. பெல்ட் போட்டாலும் நிக்கல. ஒரு கையால சல்யூட்டு, ஒரு கையால பேண்ட்டுன்னு நிக்கிறேன். திங்கட்கிழமை காலையில வாங்கிக்கிறேன்."

பின்தையலைப் பிரித்து முப்பது அங்குலத்துக்குப் பிடித்தாள். மிச்சத் துணியை வெட்டவில்லை. அவள் எப்போதுமே வெட்ட மாட்டாள். மனுஷன் மறுபடி தேறி வந்தால் பிரித்துவிடலாமே.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஆணியில் மாட்டியிருந்த யூனிஃபார்ம் இல்லை. வீட்டுக்காரரும் இல்லை. தெருமுனையில் செல்போன் சார்ஜர் விற்கும் அவருடைய கூட்டாளியும் கடை போடவில்லை. அவனுக்கு ஊர் வைத்த பெயரே சார்ஜர்தான். சாயங்காலம் இருவரும் ஒரு பெட்டியோடு வந்தார்கள்.

"குடோன் கேட்ல புது ஆள். காக்கியைப் பார்த்ததும் திறந்துவிட்டுட்டான் அண்ணி! அத்தனையும் போன்" என்றான் சார்ஜர்.

பெட்டியைப் பிரித்தார்கள். போன் இல்லை. பிள்ளைகள் காதில் மாட்டும் குட்டிக் காது மெஷின்கள். மேலே காது கேளாதோர் பள்ளியின் முகவரி.

"இதை எவன்டா வாங்குவான்?" என்று வீட்டுக்காரர் பாய்ந்தார்.

"கத்தாதீங்கண்ணே, எனக்கு நல்லாவே காது கேக்குது."

வீட்டுக்காரர் பேண்ட்டைக் கழற்றி அவள் மடியில் போட்டார். பட்டன் எட்டாமல் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு போயிருக்கிறார். பெட்டியைக் குனிந்து தூக்கியபோது பின்தையல் முழுசாக விட்டுப்போயிருந்தது.

"தைச்சு வை. வாயைத் திறக்காதே."

தைத்தாள். அதுவும் இரட்டைத் தையலாக, நேர்த்தியாகத் தைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகக்கவசம் போட்ட காக்கி ஆள் குனிவதும் பேண்ட் கிழிவதும் குடோன் கேமராவில் விழுந்திருந்தது. வாட்ச்மேன் போட்டிருந்த பேண்ட்டில் அதே இடத்தில் புதுத் தையல். ஞாயிற்றுக்கிழமை அது தையல் கடையில் இருந்தது என்று அவர் சொல்ல, விசாரிக்க ஏட்டு வந்தார்.

"எப்பம்மா வாங்கிட்டுப் போனாரு?"

அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி நின்றது.

"சனிக்கிழமையே" என்றாள்.

ஒரே ஒரு சொல். அதன்பிறகு மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் ஓடியது. விற்கவும் வழியில்லாமல், வீசவும் பயந்து, பெட்டி இஸ்திரி மேசைக்கு அடியிலேயே கிடந்தது. கால் அதில் இடிக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பிள்ளையை மிதித்ததுபோல் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேனின் மனைவி வந்தார். கையில் வேறொரு பேண்ட்.

"கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். இதுல ரெண்டு இன்ச் பிடிச்சுக் குடும்மா. உள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறாரு."

தையல்காரி அளவு நாடாவை எடுத்தாள்.

"உன்மேல அவருக்கு ஒரு கோபமும் இல்ல. 'எத்தனை துணி வருது, தங்கச்சி கிழமையை மறந்திருக்கும், பாவம்'னுதான் சொன்னாரு."

அவள் எழுந்தாள். பெட்டியை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள்.

"ஏய், எங்கடி போறே?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் முகத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், "வாங்கக்கா" என்று வாட்ச்மேனின் மனைவியை அழைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஸ்டேஷனில் ஏட்டின் மேசைமேல் பெட்டியை வைத்தாள்.

"சனிக்கிழமைன்னு பொய் சொன்னேன் ஏட்டையா. திங்கட்கிழமைதான் வாங்கிட்டுப் போனாரு. அந்த பேண்ட்டை உள்பக்கம் பாருங்க, வெட்டாத துணி இருக்கும். முப்பதுக்குப் பிடிச்சது. அவரு போட்டிருந்தா அது ஏன் கிழியுது? போட்டுட்டுப் போனவரு இடுப்பு முப்பத்தாறு."

"யாரு அந்த முப்பத்தாறு?"

அளவு நோட்டின் முதல் பக்கத்தை விரித்து வைத்தாள். கல்யாணமான புதிதில் அவள் எடுத்த முதல் அளவு. இடுப்பை மட்டும் வருஷா வருஷம் அடித்துத் திருத்தியிருந்தாள்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். "கிழிஞ்சதைத் தைச்சது நான். என் பேரையும் எழுதிக்கங்க."