என் ரத்தம் ஆம்பளையாம்

நோயாளியா இருக்கறதும் ஒரு உத்தியோகந்தானுங்க. சம்பளம் கிடையாது, ஊசிக்குத்து மட்டும் உண்டு. ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்ச்ச உங்களுக்கெல்லாம் இது புரியும். ரத்தப் புற்றுநோய் வந்து, தம்பி ஸ்டெம் செல் கொடுத்து நான் பிழைச்சேன். எங்கப்பாவும் இதே நோயில்தான் போனார். இது பரம்பரையா, என் பாப்பாவுக்கும் வருமான்னு பார்க்க ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க.

ரத்தம்

கோயமுத்தூர் வரைக்கும் எதுக்குன்னு அன்னூர் லேப்பிலேயே ரத்தம் கொடுத்துட்டோம். ஜீனில் குறை ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. மாமியார் தெருவுக்கே மைசூர்பா கொடுத்துட்டாங்க. மறுநாள் லேப்பிலிருந்து போன்: "ஏனுங்க, சாம்பிள் மாறிப்போச்சுங்களா? இது ஆம்பளை ரத்தமுங்க."

எனக்கு வைத்தியம் பார்க்கிற கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்து டாக்டர் இதைக் கேட்டுத் தலையில் அடிச்சுக்கிட்டார். எனக்குள்ளே ஊறுறது தம்பி கொடுத்த செல்லோட ரத்தம். டெஸ்ட்டில் பாஸானது அவன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் மச்சினனோடயா குடும்பம் நடத்திட்டிருக்கேன்?"

எச்சில்

"எச்சில் எடுத்தாப் பத்தாதுங்களா?"ன்னேன். டாக்டர்கிட்ட நானா வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி. எச்சிலிலும் ரத்த அணு கலந்திருக்கும், அதிலும் தம்பிதான் இருப்பான்னுட்டார். கூட வந்த தம்பிக்குத் தலைகால் புரியலை. "அக்கா, இனி நீ என்னைக் காறித் துப்பினாலும் அதுல பாதி என்னுது!"

முடி

முடியை வேரோட பிடுங்கினா ஆகும்னாங்க. மருந்தில் கொட்டின தலையில் அப்பத்தான் பூனைமுடி மாதிரி முளைச்சிருந்துச்சு. நர்சம்மா இழுத்துப் பார்த்தாங்க. அறுந்து வந்துச்சே தவிர வேர் வரலை. எனக்குக் கண்ணில் தண்ணி. அவங்க குனிஞ்சு காதில் சொன்னாங்க: "அழுவாத கண்ணு, நம்ம டாக்டர் தலைக்கு இது எவ்வளவோ தேவலை."

தோல்

கடைசியில் கைத்தோலில் பருப்பளவு கிள்ளி எடுத்தாங்க. அதை லேப்பில் வளர்த்துப் பார்க்கணுமாம். அதில்தான் கலப்படமில்லாத நான் இருக்கேனாம். அது வளர்ற வரைக்கும் பாப்பா தும்மினாலே ஓடிப்போய்ப் பார்ப்பேன். தூங்கறவ நெத்தியைத் தொட்டுத் தொட்டு எழுப்பிவிட்டுப்போட்டு, நானே தாலாட்டவும் செய்வேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சிரிச்சார். அந்தக் குறை எனக்கே இல்லை, என் வழியா பாப்பாவுக்குப் போக வழியில்லைன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரைக்கும் 'உங்க ஊட்டு நோவு'ன்னு முணுமுணுத்திட்டிருந்த மாமியார் முந்தானையை உதறிச் செருகினாங்க. "எம் பேத்திக்கு எங்க ஊட்டு ஒடம்புன்னு நான் அப்பவே சொன்னேனில்ல?"

ரத்தம் தம்பியோடது, பெருமை மாமியாரோடது, கையில் இருக்கிற தழும்பு மட்டும் அசல் என்னோடதுங்க.