கூவிய பெட்டை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. கோர்வையாக வராது, பாதி மறந்தும் போயிற்று. ஆனாலும் அந்தச் சிவந்த கொண்டை கண்ணிலேயே நிற்கிறது.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்போதுதான் கூண்டுக்கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தோம். தாய்வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த நாட்டுப்பெட்டை மட்டும் வாசலில் திரியும். அது முட்டையிடுவதை நிறுத்தியது, கொண்டை பெருத்துச் சிவந்தது, ஒரு விடியலில் கழுத்தை நீட்டிக் கூவியே விட்டது. பெட்டை கூவினால் குடிக்கு ஆகாது, அன்றைக்கே அறுத்துவிட வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கம். மாமியார் அரிவாள்மணையை எடுத்துவிட்டார். "நீ கொண்டாந்த சீரு கூவுது பாரு. அதை அறுக்கோணும், இல்லாட்டி ரெண்டு பேரும் பொறந்த ஊட்டுக்கு பஸ் ஏறுங்க." நான் அப்போது மாசமாக இருந்தேன். எதிர்த்துப் பேசத் தெரியாது. கோழியை முந்தானையில் மூடிக்கொண்டு நின்றேன்.

கூண்டுக்கோழிகளைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "சினைப்பை கெட்டுப்போச்சுங்க, வேறொண்ணுமில்ல" என்றார். பிறகு மாமியாருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். கோழியின் ஈரல், தோல், கொண்டை எல்லாம் ஒரே விதைமூட்டையை வைத்திருக்கிற வயல்களாம். எந்த விதைக்கு மடை திறப்பது என்று பார்க்க ஒவ்வொரு வயலிலும் ஆள் உண்டாம். சினைப்பையிலிருந்து சேதி வந்தால் ஈரலில் இருக்கும் ஆள் மஞ்சள்கருவுக்குத் திறந்துவிடுவான். சேவலின் ஈரலிலும் அந்த விதை உண்டு, சேதிதான் வருவதில்லை. அந்த ஆளுக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். அதைத்தான் மறந்துவிட்டேன்.

"அப்ப பெட்டைக்குள்ளயே சேவலும் இருந்துச்சுங்களா?" என்றார் மாமியார்.

"ஆமாங்க. சேதி நின்னதும் சேவலோட மடை தொறந்துக்கிச்சு. உங்க மோவாயில முடி மொளைச்சிருக்குதே, அதுவும் வயசாகிச் சேதி நின்னதாலதானுங்க. அதுக்காக உங்களை அறுக்க முடியுங்களா?"

மாமியார் மோவாயைத் தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. "அட போ சாமி" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, அதே அரிவாள்மணையில் வெங்காயம் அரிய உட்கார்ந்தார்.

பெட்டை நெடுநாள் இருந்தது. அது கூவித்தான் என் மகள் தொட்டிலில் கண் விழிப்பாள். இப்போது கண்ணாடி பார்த்தால் என் மோவாயிலும் முடி. பேத்தி பிடுங்கிவிடுகிறேன் என்கிறாள், நான் விடுவதில்லை. தடவும்போதெல்லாம் அந்தக் கொண்டைதான் ஞாபகம் வருகிறது. மடை திறக்கும் அந்த ஆளின் பெயர் என்ன, நான் எழுதியதில் பிசகு உண்டா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.