தங்கை போட்ட பிரேக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸில் ஜெயித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயித்த வீட்டில் யாராவது பட்டினி கிடப்பார்களா? கிடப்பார்கள். எதிராளி வேண்டுமென்றே தோற்றிருந்தால் கிடப்பார்கள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் அந்தமானில், பேம்பூஃபிளாட்டில் இருக்கிறேன். தையல் தொழில். எழுபது தாண்டிவிட்டது. தங்கை சரோஜா கார் நிக்கோபாரில், மகனுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். என்னைவிட நாலு வயது சின்னவள். நடுவில் கடல். கப்பலில் டிக்கெட் கிடைத்தால்தான் முகம் பார்க்கலாம். அதனால் ஞாயிறு காலை பத்து மணி ஆனால் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நெட் வழியாக ஒரே ரோட்டில் கார் ஓட்டுவோம். ஐந்து சுற்று. போன் ஸ்பீக்கரில் கிடக்கும். ஓட்டிக்கொண்டே பேச்சு, பேசிக்கொண்டே ஏச்சு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ரிட்டயர்டு ஆம்பிளைகள் நாலு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடினால் யாரும் சிரிப்பதில்லையே!

என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் மாதிரி அதுவும் ஒன்று. பழைய டப்பா என்று என் மகன் தூக்கிப்போட இருந்ததை, எதிர்க்கரையில் சாத்தத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மண்டல் பாபுதான் லினக்ஸ் போட்டு எழுப்பி உட்கார வைத்தார். கேம் நன்றாக ஓட வேண்டுமானால் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார். தீபாவளிக்கு பிளவுஸ் தைத்த கூலியில் வாங்கிப் பொருத்தினேன். யாரிடமும் கை நீட்டவில்லை.

இரண்டு வருஷம் கார் வெண்ணெயில் போவது போலப் போனது. பத்து ரேஸில் சரோஜா மூன்று ஜெயித்தால் அதிகம்.

பிறகு திருநெல்வேலிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மெயின்லேண்ட் போய், ஒன்றரை மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். திரும்பியதிலிருந்து தோல்விதான்.

இடது பக்க பட்டனை அழுத்துவேன். கார் கொஞ்சம் யோசிக்கும். பிறகு திரும்பும். ரோடு விட்டு விட்டு வரும், கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி. வளைவு கண்ணுக்குத் தெரிகிறபோது நான் வளைவில் இருக்க மாட்டேன்... சுவரில் இருப்பேன்.

முதல் வாரம் சரோஜா கேட்டாள்: "எக்கா, கல்யாணச் சாப்பாடு இன்னும் செரிக்கலியோ?"

இரண்டாவது வாரம்: "காரா ஓட்டுத, எரும மாடா மேய்க்க?"

மூன்றாவது வாரம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நாலாவது வாரம்தான் நான் ஜெயித்தது. கடைசிச் சுற்று. சரோஜாவின் சிவப்புக் கார் எங்கேயோ முன்னால் போய்விட்டது. முட்டி மோதிக்கொண்டு கடைசி வளைவுக்கு வருகிறேன், ரோட்டோரமாக அந்தச் சிவப்புக் கார் நிற்கிறது. சும்மா நிற்கிறது. நான் தாண்டிப் போனேன். பட்டாசு வெடித்தது. கப் காட்டினார்கள்.

"எக்கா, நீ ஜெயிச்சிட்ட!"

"ஏட்டி, பிரேக் போட்டியா?"

"சேச்சே. வண்டி ஸ்லிப் ஆயிட்டு."

"ஸ்லிப் ஆனா வண்டி சுத்தும். ஒன் வண்டி நின்னுக்கிட்டுல்லா இருந்துச்சு!"

ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னாள்: "கோச்சுக்காத எக்கா. நமக்கும் வயசு ஆவுதுல்லா? ஒன் கை முன்ன மாதிரி இல்ல. இத விட்டுட்டு, ஞாயித்துக்கெழம சும்மா பேசிக்கிட்டு மட்டும் இருப்போமா?"

போனை வைத்துவிட்டேன்.

தோற்பது எனக்குப் புதிதில்லை. கூடப் பிறந்தவள் என்னைப் பார்த்து இரக்கப்படுவது புதிது. அதைவிட, அவள் சொன்னது உண்மையாக இருந்தால்? தையல்காரிக்குக் கை போய்விட்டால் மிச்சம் என்ன?

வீட்டில் இருப்பதிலேயே சின்ன ஊசியை எடுத்து நூல் கோர்த்துப் பார்த்தேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை போனது. முன்பெல்லாம் எத்தனையாவது தடவையில் போகும்? தெரியவில்லை. நன்றாக இருந்த காலத்தில் யார் எண்ணிப் பார்த்தது?

சரி, என்னைச் சோதித்தாயிற்று, இனி மெஷினைச் சோதிப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் சந்தேகம் நெட்மேல். இங்கே எதற்கெடுத்தாலும் நெட்டைத்தானே திட்டுவோம்? நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரின் சொந்தக் கார்களோடு தனியாக ஓட்டினேன். அதே ஊர்தல். நெட் பாவம், அதன்மேல் குற்றமில்லை.

மண்டல் பாபுவுக்கு போன் போட்டேன். அவர் பெங்காலி. அவருடைய தமிழும் என்னுடைய ஹிந்தியும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். என்னை மாசி என்பார், சித்தி என்று அர்த்தம்.

"மாசி, முதல்ல நம்பர் பாருங்கோ" என்றார். கேமின் செட்டிங்ஸில் ஒரு இடத்தில் டிக் போட்டால் திரையின் மூலையில் ஒரு எண் வரும். ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரைகிறது என்று அது சொல்லும்.

"எத்தினி வருது மாசி?"

"பதினாலு."

"சௌதா? அரே பாப்ரே! அறுபது வரணும்!"

அறுபது வர வேண்டிய இடத்தில் பதினாலு! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மெஷினிலும் கோளாறு இருக்கிறது. என் கை மட்டும் குற்றவாளி இல்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒரு வைத்தியம். கரண்ட் மிச்சம் பிடிக்கிற 'பவர் சேவர்' மோடில் இருந்தது, அதை மாற்றச் சொன்னார். பதினாலு பதினேழானது. திரையில் ஜன்னல்கள் திறந்து மூடும்போது வரும் நிழல், மினுக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பதினெட்டு. தையல் மெஷினில் பஞ்சு எடுக்கும் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்தேன். ஃபேன் பளபளத்தது. எண் அசையவில்லை.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். கறுப்பு ஜன்னலைத் திறந்து அதை அப்படியே டைப் செய்ய வேண்டுமாம். எழுத்து எழுத்தாக உருவம் பார்த்து அடித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. பிழை இல்லாமல் அடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிலுக்குத் திரையில் இங்கிலீஷில் ஒரு நீள வரி வந்தது.

"இப்போ படம் வரையறது எதுன்னு அதுல இருக்கும். நம்ம கார்டு பேர்தானே? படிங்கோ மாசி."

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுதுவேன், கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து நின்றால் தெரியாது. இத்தனை வருஷமாகக் கணக்கு வழக்கு, கஸ்டமர், கப்பல் டிக்கெட் எல்லாம் அது இல்லாமலே பார்த்தவள். ஒரு ரிப்பேர்க்காரரிடம் போய் எனக்குப் படிக்க வராது என்று சொல்வேனா?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

என் வார்த்தையை நம்பி அவர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார். டிரைவர் பழசாக இருக்கும் என்றார். காரின் டிரைவர் இல்லை, கார்டை வேலை வாங்குகிற சாஃப்ட்வேரை அப்படித்தான் சொல்கிறார்கள். அதை இறக்க ஒரு நாள். ஏற்ற ஒரு நாள். பதினெட்டு பதினெட்டாகவே நின்றது. இதற்குள் இரண்டு ஞாயிறு போய்விட்டது. அவசரத் தையல் என்று சரோஜாவிடம் பொய் சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ, ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் இரக்கம்தான்!

போதும் என்று முடிவு செய்தேன். டப்பாவைப் போர்வையில் சுற்றி, ஃபெர்ரி ஏறி, மடியில் வைத்துக்கொண்டு சாத்தம் புறப்பட்டேன். படகில் கயிறு கட்டுகிற ஆள், உள்ளே என்ன என்று கேட்டான். கம்ப்யூட்டர், கேம் மெதுவாக ஓடுகிறது என்றேன்.

"போத்தே கா ஹை?" பேரனுடையதா என்று கேட்கிறான்.

"மேரா ஹை" என்றேன். என்னுடையது! அவன் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டான்.

மண்டல் பாபு டப்பாவை மேஜைமேல் வைத்து, மூடியைக் கழற்றக்கூட இல்லை. பின்பக்கத்தைத் திருப்பினார். குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தரம் குனிந்தார்.

"மாசி, யே டேப் கிஸ்னே லகாயா?"

டேப் ஒட்டியது யார்? நான்தான். வேறு யார்?

தீவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பூட்டே திறக்காது. உப்புக்காற்று அப்படி. மெயின்லேண்ட் புறப்படுமுன் தையல் மெஷினுக்கு எண்ணெய், கத்தரிக்கு கிரீஸ், கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கிற ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கறுப்பு டேப். எல்லாரும் செய்கிறதுதான். நான் எல்லாரையும்விட ஒழுங்காகச் செய்வேன்.

திரும்பி வந்து ஒயர்களை மாட்டும்போது, மேலே இருந்த டேப்புகளை உரித்தேன். திரையின் ஒயர் ஒரு ஓட்டையில் சரியாகப் பொருந்தியது. படமும் வந்தது. கீழே அதே அளவில் இன்னும் இரண்டு ஓட்டை டேப்போடு இருந்தன. வேண்டாத ஓட்டை, மூடியே இருக்கட்டும், உப்பு ஏறாது என்று விட்டுவிட்டேன்.

கார்டின் ஓட்டைகள் அந்தக் கீழே இருந்த இரண்டும்தான். மேலே நான் மாட்டியது போர்டோடு ஒட்டிப் பிறந்த சின்னச் சிப்பின் ஓட்டை. அது கடிதம் அடிக்கவும் போட்டோ பார்க்கவும் போதும். கார் ரேஸுக்குப் போதாது. அனுபவமுள்ள தையல்காரியைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, பட்டன் தைக்கப் பழகுகிறவளிடம் கல்யாண பிளவுஸைக் கொடுத்திருக்கிறேன். அவளும் பாவம், முடிந்தவரை தைத்திருக்கிறாள்... செகண்டுக்குப் பதினெட்டு.

படம் வந்துவிட்டது. அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். நாம் எல்லாரும் இப்படித்தானே? ஒன்று அடியோடு நின்றுபோனால் உடனே தேடுவோம். பாதியாய் ஓடினால் தேட மாட்டோம். வயசாகிவிட்டது என்று நம்மையே குறை சொல்லிக்கொள்வோம்.

மண்டல் பாபு டேப்பை உரித்து ஒயரை மாற்றிக்கொண்டே கேட்டார்: "போன்ல கார்டு பேர் வந்துச்சுன்னு சொன்னீங்களே மாசி?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் யோசித்தேன். "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது பாபு" என்றேன்.

அவர் பரிதாபப்பட்டிருந்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் மேஜையில் தட்டிக் கத்தினார்: "அரே, அப்போ ஒரு போட்டோ எடுத்து அனுப்பறதுக்கு என்ன! ரெண்டு வாரம் என் தலைய தின்னீங்களே!"

எண் அறுபதைக் காட்டியது.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு நானே சரோஜாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, கோளாறு மெஷின்லதான் இருந்திருக்கு. சாத்தம் கொண்டு போய்ச் சரி பண்ணியாச்சு. இன்னைக்கு பிரேக் பட்டன்ல வெரல வச்ச, பொறவு அக்கான்னு கூப்பிடாத."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"பொறவு அழக் கூடாது, ஆமா!"

கொடி அசைந்தது. ரோடு தண்ணீர் மாதிரி வருகிறது. மரத்தில் இலை இலையாகத் தெரிகிறது. முதல் வளைவு... உள்பக்கச் சுவரில் போய் இடித்தேன்.

என்ன ஆயிற்று? படம் தாமதமாக வந்த இரண்டு மாதத்தில், வளைவு வருமுன்பே திருப்பிவிட என் கை பழகியிருக்கிறது. இப்போது படம் நேரத்துக்கு வருகிறது. கை இன்னும் முந்திக்கொண்டே திரும்புகிறது. மெஷினுக்கு டேப்பை உரித்தால் போதும். கைக்கு எதை உரிப்பது?

ஐந்து சுற்றும் இடித்துக்கொண்டே முடித்தேன். சரோஜா எங்கேயும் நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினாள். ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"எக்கா! கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு, முன்னால தூரத்துல செவப்பாத் தெரியுதுல்லா, அது என் டிக்கி! இதுக்கா படகேறிப் போய் ரிப்பேர் பாத்துட்டு வந்த?"

"ஏட்டி, ரொம்ப ஆடாத."

"ஆடுவேன். அடுத்த வாரமும் ஆடுவேன்!"

ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த என் தங்கை திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியாக ஓட்டுகிறேன். நேற்று பத்து வளைவில் எட்டில் இடிக்கவில்லை.

இந்த இதழ் கப்பலேறிக் கார் நிக்கோபார் போய்ச் சேருவதற்குள் இரண்டு ஞாயிறு கடந்திருக்கும். படிக்கும்போது சரோஜா சிரிக்கிறாளா என்று அங்கே இருக்கிற வாசகர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.