சார்ட் தாளில் முகத்துவாரம்

தோணிரேவு கிராமம் கண்ணுக்கு மறைந்த பிறகும் நடையைக் குறைக்கவில்லை. சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த சார்ட் தாள் வயிற்றில் உரசிக்கொண்டே வந்தது. பின்னால் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் முள்செடிப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போனால் ஏதோ ஒரு ரயில் வரும். பல ஊர்களை இப்படி விட்டு வந்தவன் நான். பயந்துகொண்டு கிளம்பியது அந்த ஒரு முறைதான்.

தாளில் இருந்தது நான் வரைந்த படம். ஊர்க்காரர்கள் அதை நிதானமாகப் பார்த்தால், நான் வேலை செய்த படகுக்கார அண்ணனுக்கு அந்த வருஷப் பாடு போய்விடும்.

ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மீன் அதிகம். அங்கே எந்த நாளில் யார் வலை இறக்குவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. அடுத்தவன் நாளில் இறக்கினால் அந்த வருஷம் முழுக்க முகத்துவாரப் பக்கம் போகக்கூடாது. மார்கழியில், பனி மூடிய ஒரு காலையில், எங்கள் நாள் இல்லாதபோது அண்ணன் அங்கே இறக்கினார். படகில் நானும் அவரும் மட்டும். பனி கலைந்த நேரத்தில் நீரோட்டம் படகைப் புரட்டியது. வலை என்னைச் சுற்றிக்கொண்டது. அவர் தன் புது வலையைக் கத்தியால் அறுத்து என்னை வெளியே இழுத்தார். உள்ஏரியில் கவிழ்ந்ததாக ஊரில் சொன்னோம்.

அதிலிருந்து குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்தால் மூச்சு நின்றது. தூக்கம் இல்லை. படகு கரையில் பழுதுபார்ப்பில் கிடந்ததால் ஏன் தண்ணீருக்குப் போகவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தச் சமயம்தான் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு டவுனிலிருந்து ஒரு டீச்சர் வர ஆரம்பித்தார். மனசில் இருப்பதைப் படமாகப் போட்டால் பாரம் குறையும் என்றார். நண்டு வலை பின்னும் பெண்கள் நாலைந்து பேரோடு நானும் போய் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். கிரேயானைப் பிடிக்கவே கூச்சமாக இருந்தது.

"இன்னாது, செருப்பா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"படகு."

"வார் கூட கீது பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கறுப்பை எடுத்துத் தண்ணீரை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். கிரேயான் உடைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து விடியும்வரை தூங்கினேன். டீச்சர் சொன்னது பொய்யில்லை.

அடுத்த வாரம் டீச்சர் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். டீ குடித்துவிட்டு உள்ளே வந்த ஒரு பெரியவர் என் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. விரலைத் தாளில் வைத்தார். இடப்பக்கம் கோயில் கோபுரம், அதற்கு நேர் பின்னால் செல்போன் டவர். வலப்பக்கம் சவுக்குத் தோப்பின் ஓரத்தைத் தொட்டபடி லைட் ஹவுஸ்.

"இந்த ரெண்டும் இப்டி நேரா வர்றது எங்கன்னு தெரியுமா?" என்றார் யாரிடமோ.

ஏரியில் நிற்கும் இடத்தைக் கரை அடையாளங்களை வைத்துத்தான் சொல்வோம். அவை இல்லாமல் தண்ணீரை வரைய எனக்கு வராது. படகு கவிழ்ந்த இடத்தை நானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அவர் வெளியே போனதும் படத்தை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் காட்டூர் வருவதற்குள் ஒரு பைக் என் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம?"

"படத்த எட்த்துனு வந்துட்டேண்ணா. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க."

"பாத்தாச்சு. பெருசு வந்து கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

"பாடு?"

"இந்த வருசம் இல்ல." ஏதோ மழை இல்லை என்பது போலச் சொன்னார். தாளை வாங்கி விரித்துப் பார்த்தார். "நான் எங்கடா?"

மூலையில் இருந்த ஒரு கையைக் காட்டினேன்.

"கைய மட்டும் போட்டுகீற. மூஞ்சி நல்லா இல்லியா?" என்றவர், தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முகத்துவாரம் இல்லன்னா இன்னா? படகு ரெடி. நாளைக்கு எறா வலைக்குப் போலாம், ஏறு."

அடி விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பயந்து ஓடுவதாகத்தான் நினைத்திருந்தேன். படகு ரெடி என்று கேட்டதும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால தண்ணில எறங்க முடியாதுண்ணா."

வாய்விட்டு அதைச் சொன்னது அப்போதுதான். அவர் வண்டியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலைய அறுத்தப்ப எனக்கும் கை ஆடுச்சுடா" என்றார். காட்டூரில் தனக்குத் தெரிந்த விவசாயி வீட்டில் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை அங்கேயே நவரைப் பட்ட நெல் நடவில் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்றுக் கட்டுகளை நடுகிற பெண்களுக்கு எட்டும்படி வீசவேண்டும். வயலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வரப்பிலேயே நின்றேன்.

"இன்னாபா, பாம்பு கீதா?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"இல்லக்கா" என்றேன். வலது காலை மட்டும் இறக்கி, சேறு பிடித்துக்கொண்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு, முதல் கட்டை வீசினேன்.