மீன் வாங்கப் போன பாஸ்போட்டுகள்

லண்டனில் நான் இருக்கும் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து பக்கத்து அப்டன் பார்க்குக்கு மீன் வாங்கப் போனால், வீட்டிலுள்ள மூன்று பேருடைய பாஸ்போட்டுகளும் என்னோடு வரும். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், ரப்பர் பாண்ட் போட்டு. பார்க்கிங் ஒரு கவுன்சில், அதாவது ஒரு நகரசபை; அப்டன் பார்க் வேறொரு கவுன்சில். இடையில் ஒரு சின்ன ஆறு. பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போது என் கை தானாக ஃபைலைத் தடவிப் பார்க்கும்.

மனிசிக்கு இது பெரிய பகிடி. "மீன் உங்களிட்டை விசா கேக்குதே?" என்பா.

சிரிக்கிறவைக்கு என்ன தெரியும்? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்த ஒரே பாடம் ஜெர்மனியில்தான். ரூர் பக்கம் நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர்கள். எங்கே ஒரு நகரம் முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரே வீதி, ஒரே மாதிரிப் புகை பிடித்த செங்கல் வீடுகள், ஒரே ட்ராம். நடுவில் ஒரு மஞ்சள் பலகை மட்டும் நிற்கும். இந்தப் பக்கம் கெல்சன்கிர்ஷன், அந்தப் பக்கம் எஸன். அந்த நாளில் என்னைப் போல அகதி வழக்கு முடியாதவன் அந்தப் பலகையைத் தாண்ட, வெளிநாட்டவர் கந்தோரில் அனுமதித் துண்டு எடுக்க வேணும். நான் இருந்தது இந்தப் பக்கம். மலிவான அரிசி விற்றது அந்தப் பக்கம்.

எனக்குப் பேசிய பெண் இருந்ததும் அந்தப் பக்கம்தான். பெண் பார்க்க நாள் வைத்தபோது கந்தோர் பூட்டு. ஒரு நாள்தானே என்று புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு ட்ராமில் ஏறினேன். பலகை தாண்டி இரண்டாவது தரிப்பில் பொலிஸ் ஏறியது. பெண் வீட்டில் வடை ஆறிக்கொண்டிருக்க, நான் பொலிஸ் காரில் திரும்பி வந்தேன்.

அந்தப் பெண்தான் இந்த மனிசி. வீட்டுக்கு ஆர் வந்தாலும் சொல்லுவா: "என்னைப் பாக்க வரேக்கை ஒரு துண்டும் கொண்டு வரேல்லை. இப்ப விளைமீனைப் பாக்கக் கட்டுக் கடதாசியோடை போறார்."

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மீனோடு வீட்டுக்கு வந்தேன். மகள் லப்டொப்பும் கையுமாய் நின்றாள். அவளுக்குத் திங்கள் காலையில் ஜெர்மனிக்குப் பயணம். எட்டு மாதமாய் வேலைக்கு விண்ணப்பம் போட்டு அலுத்தவளுக்கு முதல்தரம் ஒரு நேர்முகம் வந்திருந்தது, அதுவும் எஸனில்.

"அப்பா, என்ட பாஸ்போட்டைத் தாங்கோ. செக்-இன் செய்யோணும்."

பையைத் தலைகீழாய்க் கொட்டினேன். மூன்று விளைமீன், ஒரு கட்டுக் கறிவேப்பிலை. ஃபைல் இல்லை.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எட்டு மாசத்திலை எனக்கு வந்தது இது ஒண்டுதான், அப்பா."

மனிசி பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

திரும்பவும் பஸ். பாலம் வந்ததும் கை பழக்கத்தில் ஃபைலைத் தேடிவிட்டு, வெறுமனே மடியில் விழுந்தது. அந்த ட்ராமுக்குப் பிறகு கடதாசி இல்லாமல் நான் எல்லை தாண்டியது அன்றைக்குத்தான். ஆனால் அதற்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை.

மீன்கடைக்காரர் என்னைக் கண்டதும் தராசுக்குப் பின்னாலிருந்து ஃபைலை எடுத்தார். மேலே இரண்டு செதில் ஒட்டியிருந்தது.

"வாங்கோ அண்ணை! காசு கட்ட பாங்க் காட்டைத் தட்டேக்கை இதை வைச்சிட்டுப் போயிட்டியள். அடையாளம் காட்டித்தான் மீன் வாங்கோணுமெண்டு புதுச் சட்டம் வந்திட்டுதோ எண்டு யோசிச்சன்."

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மா கைப்பையைத் திறந்து, தன்னுடைய பஸ் பாசைக் காட்டி இறால் கேட்டா. நான் மூன்று பாஸ்போட்டையும் எண்ணினேன். பிறகு இன்னொருதரம் எண்ணினேன்.

வீட்டில் மகள் தன்னுடையதை மணந்து பார்த்துவிட்டு, "அங்கை ஒஃபிசர் மூக்கைப் பொத்தப் போறான்," என்றாள். மணம் போக மனிசி அதன் அட்டையைத் தேசிக்காய்ப் புளியால் துடைத்தா.

மகள் தங்கியது கெல்சன்கிர்ஷனில், தன் சித்தி வீட்டில். செவ்வாய்க்கிழமை எஸனுக்குப் போகும் ட்ராமிலிருந்து வீடியோவில் வந்தாள். "அப்பா, உங்கட பலகை வருது, பாருங்கோ." கண்ணாடிக்கு வெளியே மஞ்சளாய் ஒன்று வந்து போனது. நான் தரிப்புகளை எண்ணினேன். ஒரு தரிப்பு. இரண்டாவது தரிப்பு. ஒரு கிழவரும் அவருடைய நாயும் ஏறினார்கள்.

"கண்டனீங்களே? ஒருத்தரும் கேக்கேல்லை."

"வடை ஆறமுன்னம் போய்ச் சேரச் சொல்லுங்கோ," என்று மனிசி பின்னாலிருந்து குரல் கொடுத்தா.

நான் கேட்டேன்: "பிள்ளை, ரிக்கற்றிலை முத்திரை குத்தினனியே?"

அங்கே ட்ராமில் ஏறியதும் மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் ரிக்கற் செல்லாது, பிடிபட்டால் அபராதம். படம் ஆடியது. அவள் அவசரமாய் எழும்பி மெஷினைத் தேடிப் போனாள்.

வேலை கிடைத்துவிட்டது. அதற்கு என்னுடைய அந்தக் கேள்விதான் காரணம் என்று நான் இப்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.